ஊர் கரண்ட் கேசட்

எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு வகைக் கேசட்டுகள் இருந்தன. ஒரு வகையின் மேல் நீல மையில் ‘டவுன் கரண்ட்’ என்று எழுதியிருக்கும். இன்னொன்றின் மேல் சிவப்பு மையில் ‘ஊர் கரண்ட்’. இரண்டிலும் அதே பாட்டுகள், அதே வரிசை. பாட்டுகள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அதில் பாடுகிறவர் இருக்க மாட்டார், கிடார் இருக்காது, கீபோர்டு இருக்காது. வெறும் தும்பா என்கிற நெட்டை மேளம், பாங்கோஸ் என்கிற இரட்டைக் குட்டி மேளம், மாட்டு மணி, கிலுகிலுப்பை. ஒரு கச்சேரிக்கு வேண்டிய தாளத்தில் பாதி. மீதிப் பாதியை மேடையில் இருப்பவர்கள் போட்டுக்கொள்வார்கள். என் பாதியை நான் ஒரு அறைக்குள் உட்கார்ந்து செய்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. என் வீட்டுக்காரர் பாலக்கோட்டில் ஒரு ஆலையில் கிளார்க். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தருமபுரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தார். சினிமாப் பாட்டுகளை ரெக்கார்டில் இருப்பது போலவே மேடையில் வாசிக்கும் குழு. கல்யாணம், கோயில் பண்டிகை, எங்கள் சர்ச் தேர்த்திருவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் வேன் ஏறிப் போவார்கள். அந்தக் குழுவில் தும்பா அடித்தவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. போகும்போது தும்பாவையும் பாங்கோஸையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய சொந்தப் பொருள், யார் என்ன சொல்ல முடியும்? ஆனால் அந்தக் காலத்துப் பாட்டுகளில் அந்த இரண்டும் இல்லாவிட்டால் உப்பில்லாத குழம்புதான். குழு கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் என் அண்ணன் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தார். அவர் வேலை பார்த்த ஓட்டலில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பிலிப்பைன்ஸ் குழு ஊருக்குத் திரும்பும்போது ஒரு ரிதம் மிஷினைக் கழித்துக் கட்டியதாம். தங்கைக்குப் பிடிக்கும் என்று துணிமணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். ஒரு பெரிய சிலேட்டு அளவு இருக்கும். கீழே பதினாறு பொத்தான்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்பு விளக்கு. தென் அமெரிக்கா பக்கத்து மேளங்களும் மணிகளும் மட்டும்தான் அதற்குள் இருந்தன. எந்தப் பொத்தானை அமுக்குகிறோமோ அந்த இடத்தில் அடி விழும். அமுக்காத இடம் காலியாக இருக்கும். மிஷினின் மொத்த வித்தையும் அவ்வளவுதான். ஆனால் எந்த இடத்தைக் காலியாக விடுவது என்று அதற்குத் தெரியாது. அது நம் பாடு.

எனக்குத் தெரியும். கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் படித்தவள் நான். அங்கே பாட்டுக் குழுவில் எல்லாவற்றையும் பெண்களே வாசித்தாக வேண்டும், ஆம்பளைகளுக்கு எங்கே போவது? எட்டாம் வகுப்பிலிருந்து நான் பாங்கோஸ் அடித்தேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு சர்ச்சில் பெண்கள் பாட மட்டும் செய்தோம். பெண்கள் அடிக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. பாங்கோஸ் பக்கம் போய் நின்றால் யாரும் நகர்ந்து இடம் விட மாட்டார்கள். அந்த மாதிரிச் சட்டத்தை மீறுவது மிகவும் கஷ்டம்.

மாமியார் மிஷினை முதலில் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

“என்னாடா இது?”

“லத்தீன் தாளம்மா. மிஷினே அடிக்கும்” என்றார் என் வீட்டுக்காரர்.

“லத்தீனா? சின்ன வயசுல சாமியாரு பூசையில சொல்லுவாரே, அந்த லத்தீனா?”

“அந்த மாதிரிதான்னு வச்சிக்கோயேன்.”

மாமியாருக்குப் பழைய லத்தீன் பூசை மேல் தீராத மரியாதை. ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் கண்ணில் தண்ணீர் வரும் என்பார். அதற்குப் பிறகு மிஷின் விஷயத்தில் அவர் தலையிடவில்லை. மாட்டு மணி ஓசை வரும்போது மட்டும், பசு கயிற்றை அவிழ்த்துக்கொண்டதோ என்று கொல்லைப் பக்கம் எட்டிப் பார்ப்பார்.

என் வேலை கடலை மூட்டை அடுக்கிய அறையில். காலையில் இவர் பஸ்ஸுக்குப் போய்விடுவார். மாமியார் தக்காளிக் காட்டுக்குப் போய்விடுவார். எங்கள் வீடு ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளிக் காட்டுக்குள் இருந்தது. பகலில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. நாலு பக்கமும் மூட்டை இருந்ததால் அந்த அறையில் பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பாது, மூட்டைக்குள்ளேயே போய்விடும். முதல் சில நாட்கள் எனக்கு அது பயமாகக்கூட இருந்தது.

மிஷினில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வாத்தியத்தின் விளக்குகள்தான் எரியும். தும்பாவைப் பார்த்தால் பாங்கோஸ் தெரியாது, பாங்கோஸைப் பார்த்தால் மணி தெரியாது. மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்க வழியில்லை. அதனால் தரையில் சாக்பீஸால் பதினாறு கட்டம் போட்டுக்கொண்டேன். தும்பாவின் கனத்த அடிக்குப் புளியங்கொட்டை. அதன் சன்னமான அடிக்கு நிலக்கடலை. பாங்கோஸுக்கு மொச்சை. கிலுகிலுப்பைக்கு ஒரு கல் உப்பு. மாட்டு மணிக்கு என் உடைந்த வளையல் துண்டு. ரேடியோவில் பிடித்த பாட்டைக் கேட்டுக் கேட்டு, பாடகருக்கும் வயலின்களுக்கும் அடியில் எது எங்கே விழுகிறது என்று கொட்டைகளை நகர்த்துவேன். கட்டம் ஒத்துவந்த பிறகுதான் மிஷினைத் தொடுவேன்.

ஒருநாள் காட்டிலிருந்து தண்ணீர் குடிக்க வந்த மாமியார் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். சாயந்திரம் மகனிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“அந்தப் புள்ள பகல் முச்சூடும் தனியாத் தாயம் ஆடுதுடா. பாவமா இருக்குது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை.

மிஷினுக்கு ஞாபகம் குறைவு. நாலைந்து பாட்டுக்கு மேல் தாங்காது. அதனால் ஒவ்வொரு பாட்டாகக் கேசட்டில் ஏற்றிவிட்டு, மிஷினைத் துடைத்து அடுத்த பாட்டை எழுத வேண்டும். பல்லவிக்கு ஒரு அமைப்பு, சரணத்துக்கு ஒன்று, இடையிசைக்கு ஒன்று. மனதுக்குள் பாடிக்கொண்டே சரியான இடத்தில் பொத்தானை அமுக்கி மாற்ற வேண்டும். ஓர் இடத்தில் விரல் தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டருக்குப் புது பேட்டரி போட்டுத்தான் பதிவு செய்வேன். கரண்டை நம்பி அந்த வேலையை எங்கள் ஊரில் செய்ய முடியாது.

ஆனால் மேடையில் கேசட்டைப் போடுவது மைக் செட்காரருடைய டெக்கில். அது கரண்டில் மட்டும்தான் ஓடும். தருமபுரியில் ஒரு கல்யாணத்தில் என் முதல் கேசட் ஓடியது. அருமையாக இருந்தது என்று இவர் வந்து சொன்னார். அடுத்த வாரம் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பண்டிகை. அங்கே போய் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னாங்க ஆச்சு?”

“இழுத்துடுச்சு. எல்லாப் பாட்டும் சாவு ஊர்வலமாட்டம் போச்சு. பாடுறவரு மூச்சுப் பத்தாம மேடையிலயே இருமுறாரு.”

காரணம் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கச்சேரி நேரத்தில்தான் சுற்றுவட்டாரத்துக் கிணற்று மோட்டார் எல்லாம் ஓடும். குண்டு பல்பு செம்பருத்தி நிறத்துக்கு வந்துவிடும். அந்த வோல்டேஜில் டெக் மெதுவாகச் சுற்றியிருக்கிறது. தும்பா அடிவயிற்றிலிருந்து முனகியிருக்கிறது. மறுநாள் நான் எல்லாப் பாட்டையும் மிஷினில் வேகம் கூட்டி எழுதி இன்னொரு கேசட் செய்தேன். வீட்டில் போட்டுக் கேட்டால் நாய் துரத்துவது போல ஓடும். ஊருக்குப் போய் அந்த மங்கலான கரண்டில் ஓடினால் சரியான நடைக்கு வந்துவிடும். ‘ஊர் கரண்ட்’ கேசட் பிறந்தது இப்படித்தான். எந்த ஊருக்குப் போகிறார்கள், லைன் கரண்டா ஜெனரேட்டரா என்று இவர் விசாரித்து வந்து சொல்வார், அதற்கேற்ற கேசட்டை நான் எடுத்துக் கொடுப்பேன். ஊர் கரண்ட் கேசட்டின் வேகம் ஒரு கணக்கில் வந்ததல்ல. போய் வந்தவரின் முகத்தைப் பார்த்து ஏற்றி இறக்கியது.

என் தாளம் சரியாக ஒலிக்கும் இடத்தில் நான் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. என் அறையில் ஊர் கரண்ட் கேசட் எப்போதும் தப்பான வேகத்தில்தான் ஓடியது. குழுவில் வாசிப்பவரின் மனைவி வேனில் ஏறிக் கச்சேரிக்குப் போவது எங்கள் வீட்டில் நினைத்தும் பார்க்காத காரியம். சேலத்திலிருந்து வரும் பாடகி வேறு, நான் வேறு. ஒருமுறையாவது கச்சேரியைப் பதிவு செய்து கொண்டுவாருங்கள் என்று கேட்டேன். சரி என்றார். மேடை ஏறியதும் மறந்துவிடுவார். நல்ல மனிதர்தான். மேடை என்றால் வீடு மறந்துபோகும் ஆசாமி.

குழுவில் என்னோடு பேசியவர் ஒருவர்தான். பேசினார் என்றால் வாயால் இல்லை. டிரம்ஸ் வாசித்தவர். தருமபுரியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார் என்று கேள்வி. அவர் முகம் எனக்குத் தெரியாது. ஒருநாள் இவர் வந்து சொன்னார்:

“ரெண்டாவது பாட்டு இடையிசையில கொஞ்சம் எடம் விடணுமாம். உள்ள வர எடமே இல்ல, சந்தக்கடையாட்டம் இருக்குதுன்னு சொல்றாரு.”

எனக்குச் சுருக்கென்றது. அன்று முழுவதும் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே இருந்தேன். மறுநாள் கட்டத்தைப் பார்த்தால் அவர் சொன்னது சரி. தனியாக இருக்கிறவள் வாய் ஓயாமல் பேசுவது போல நான் எல்லாக் கட்டத்திலும் கொட்டையை அடைத்து வைத்திருந்தேன். பாதியைப் பொறுக்கி எடுத்தேன். அடுத்த கச்சேரி முடிந்து வந்தவர், “இப்பதான் நல்லா இருக்குதாம்” என்றார். அந்த ஒரு வரியை வைத்து நான் ஒரு வாரம் ஓட்டினேன்.

பிறகு நான் வேண்டுமென்றே சில இடங்களில் ஒற்றை மணி அடி ஒன்றை வைக்க ஆரம்பித்தேன். பாட்டில் இல்லாத அடி. கதவைத் தட்டிப் பார்ப்பது போல. சில நாள் கழித்து இவர் சொன்னார்:

“நீ எங்கியோ ஒரு மணி வச்சிருந்தயாம். அதுக்கு அவரு ஏதோ பதில் அடிச்சாராம். நீ கேட்டா சந்தோசப்படுவன்னு சொல்லச் சொன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல.”

“யாரு எழுதுறதுன்னு அவருக்குத் தெரியுமாங்க?”

“கேட்டாரு. வூட்லன்னு சொன்னன்.”

வூட்ல. எங்கள் பக்கத்து ஆம்பளைகளுக்கு மனைவியின் பெயர் அதுதான். வூட்ல சொல்லுச்சு, வூட்ல ஒடம்பு செரியில்ல, வூட்ல எழுதுச்சு. நானும் இவர் பெயரைச் சொன்னதில்லை, அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் எனக்குள் அந்த ஆசை முளைத்தது. ஒரே ஒருமுறை என் பெயரை மேடையில் சொல்லிக் கேட்க வேண்டும்.

அதற்கு ஓர் இடமும் இருந்தது. மெல்லிசைக் கச்சேரிகளில் நாலைந்து பாட்டு ஆனதும் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து ஒவ்வொரு கலைஞரையும் அறிமுகப்படுத்துவார். கிடார் என்று சொல்லி இவர் பெயரைச் சொல்வார், இவர் நாலு கம்பியைத் தட்டிக் காட்டுவார், கூட்டம் கை தட்டும். கீபோர்டுக்கு ஒருமுறை, டிரம்ஸுக்கு ஒருமுறை. தும்பா அடித்தவர் இருந்த காலத்தில் அவருக்கும் ஒருமுறை உண்டு. இப்போது அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்று இவரே சொல்லியிருக்கிறார்.

சாப்பாடு போடும்போது கேட்டேன்.

“அந்த எடத்துல எம் பேரச் சொல்லச் சொல்லுங்களேன்.”

சோற்றைப் பிசைந்த கை நின்றது.

“கேசட்டுக்குப் பேரா?”

“கேசட்டுக்கு இல்லீங்க. எனக்கு.”

“மேடையில வூட்டுப் பொம்பள பேரச் சொன்னா நாளைக்கு ஆபீஸ்ல ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாங்கம்மா.”

நான் ரசத்தை ஊற்றினேன். கை கழுவி வந்தவர் துண்டில் துடைத்தபடியே, “செரி, அறிவிப்பாளர்ட்ட சொல்லிப் பாக்கறன்” என்றார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

ஈஸ்டருக்குப் பிறகு, நல்லம்பள்ளிக்கு உள்ளே தள்ளி ஓர் ஊரில் தேர்த்திருவிழா. மாமியாருடைய பிறந்த ஊர். குடும்பத்தோடு எல்லோரும் போவோம். அதே ஊரில் இவர்கள் கச்சேரி என்று முடிவானபோது எனக்கு ராத்தூக்கம் போயிற்று. நான் கூட்டத்தில் இருக்கப்போகிறேன். வெறும் பெயரைச் சொன்னால் போதாது, பெயருக்குப் பின்னால் வாசிக்க ஏதாவது வேண்டும். டிரம்ஸ்காரருக்கும் எனக்குமாக ஒரு சவால் ஜவாப் எழுதலாம் என்று தீர்மானித்தேன். நாலு சுற்று தும்பாவும் பாங்கோஸும். அடுத்த நாலு சுற்று கேசட் சும்மா இருக்கும், அதில் அவர் பதில் அடிக்க வேண்டும். மறுபடி நான். மறுபடி அவர்.

எழுத வேண்டிய நேரமோ ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். எங்கள் வீட்டில் தவக்காலத்தில் ரேடியோ பெட்டிக்குள் போய்விடும், கறி கிடையாது, பாட்டு கிடையாது. லத்தீன் தாளமானாலும் கூடாது என்று மாமியார் கறாராகச் சொல்லிவிட்டார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். வெளியே பொத்தான் அமுங்கும் சத்தம் மட்டும் டொக்கு டொக்கென்று வரும். கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, தலையை ஆட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு மாமியார் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். மருமகள் வியாகுலத் தியானத்தில் இருப்பதாக நினைத்திருப்பார். ஏறக்குறைய அப்படித்தான் இருந்தேன்.

எழுதியதைக் கையால் அடித்துப் பார்த்தால்தானே ஆள் வாசிப்பது போல வரும்? ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கடலை மூட்டையின் மேல் அடிப்பேன். மூட்டையில் அடித்தால் சத்தம் எழாது. அந்த நாற்பது நாளில் அந்தச் சவால் என் கையில் ஏறிவிட்டது. சோறு வடிக்கும்போது, துணி துவைக்கும்போது விரல் தானாக அதைப் போட்டுக்கொண்டிருக்கும். அவர் முறை வரும் இடத்தில் விரல் நின்றுவிடும். அந்த நாலு சுற்றும் வீடு அமைதியாக இருக்கும், பிறகு மறுபடி நான் தொடங்குவேன்.

கேசட் குழுவுக்குப் போனது. டிரம்ஸ்காரர் பட்டறையில் இரும்புத் தகட்டின் மேல் குச்சியால் அடித்துப் பழகுகிறார் என்று சேதி வந்தது. அறிவிப்பாளரிடம் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டேன். “சொல்லிக்கலாம்மா” என்றார்.

திருவிழா அன்று சப்பரம் சுற்றி வந்து நின்றதும் சர்ச் மைதானத்தில் கச்சேரி தொடங்கியது. இருட்டத் தொடங்கிய நேரம். பெண்கள் பக்கம் பாயும் சாக்குமாக விரித்து உட்கார்ந்திருந்தோம். மாமியார் அவருடைய அண்ணன் வீட்டாரோடு முன்வரிசைக்குப் போய்விட்டார். நான் பின்னால், முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் மடியில், புளிச்சோறு கொண்டுவந்து காலியான தூக்குப்போசி. லைன் கரண்ட்தான் என்று இவர் சொல்லியிருந்ததால் ஊர் கரண்ட் கேசட்டைக் கொடுத்திருந்தேன். பல்புகள் மங்கலாக எரிந்தன. அவற்றைப் பார்த்து இந்த உலகத்தில் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான்.

முதல் பாட்டில் என் தும்பா வந்தது. நான் எழுதிய வேகத்தில் இல்லை, நான் நினைத்த வேகத்தில். அதுவரை ஊர் கரண்டில் நான் அதைக் கேட்டதே இல்லை. அதன் மேல் கிடார், அதன் மேல் குரல், எனக்காக விட்டு விட்டு வரும் டிரம்ஸ். இத்தனை பேரோடு சேர்ந்து நான் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. பக்கத்துப் பெண் பார்க்கிறாளோ என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

ஐந்தாவது பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். கீபோர்டு, பெயர், கைதட்டல். கிடார், இவர் பெயர், கைதட்டல். பாடகி, டிரம்ஸ். முதன்முதலாக அந்த மனிதரைப் பார்த்தேன். ஒல்லியாக, காது பெரிதாக, பயந்தவர் போல உட்கார்ந்திருந்தார். பிறகு அறிவிப்பாளர், “அடுத்து, தும்பா, பாங்கோஸ்…” என்று நிறுத்தினார். போசியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“ஃபாரின் மிஷின்!” என்றார். டெக்கைக் கையால் காட்டினார். “ஆளே இல்லாம அடிக்கும் பாருங்க!”

கூட்டம் விசிலடித்தது. இவரைப் பார்த்தேன். கிடார் கம்பியை முறுக்கிச் சுருதி பார்ப்பது போலக் குனிந்திருந்தார். ஆளே இல்லாமல்.

கேசட் ஓடத் தொடங்கியது. என் நாலு சுற்று. அவர் நாலு சுற்று. “மிஷினா இது? ஆளு அடிக்கிறமாரியே இருக்குதுங்க” என்றாள் பக்கத்துப் பெண். நான் தலையை மட்டும் ஆட்டினேன். மறுபடி என் முறை பாதி போய்க்கொண்டிருக்கும்போது தும்பா இழுத்தது, முனகியது, நின்றது. கரண்ட் போய்விட்டது. மைதானமே இருட்டு.

“மிஷினு செத்துப்போச்சுடா!” என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

டிரம்ஸுக்கு எதற்குக் கரண்ட்? விட்டுப்போன என் மீதிச் சுற்றின் நேரத்தை எண்ணிக்கொண்டிருந்த டிரம்ஸ்காரர், தன் முறை வந்ததும் இருட்டில் அடித்தார். நாலு சுற்று. பிறகு நிறுத்தினார். கரண்ட் வரும்போது இடம் தப்பக் கூடாது என்று நினைத்திருப்பார் பாவம். டேப் நின்ற இடத்திலிருந்துதான் கிளம்பும் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. கூட்டத்துக்கு அது வெறும் மௌனம், ஆள் களைத்துப்போய் நிறுத்திவிட்டார் என்றுதான் இருந்திருக்கும். எனக்கு மட்டும் அது என் இடம்.

என் கை அடித்தது. நான் அடிக்க வேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை. போசி மூடியில் பாங்கோஸ், பக்கவாட்டில் உள்ளங்கையால் தும்பா, கைப்பிடியை விரலால் சுண்டினால் மணி. நாலு சுற்று முடிந்து நின்றேன். மேடையில் அவர் தொடர்ந்தார். நிறுத்தினார். நான் தொடர்ந்தேன். அவருக்கு அது கேட்டிருக்க வழியே இல்லை. அத்தனை பெண்கள், அத்தனை குழந்தைகள், அவ்வளவு தூரம். அவர் பாட்டுக்கு அவர், என் பாட்டுக்கு நான். ஆனாலும் ஒரு இடத்தில்கூட நாங்கள் மோதிக்கொள்ளவில்லை. கடைசி நாலு சுற்றில் இருவரும் சேர்ந்து அடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். சேர்ந்து அடித்து, சேர்ந்து முடித்தோம். இருட்டில் கூட்டம் டிரம்ஸ்காரருக்குக் கை தட்டியது. என் உள்ளங்கை எரிந்தது.

ஜெனரேட்டர் ஆள் ராட்டினத்துப் பக்கம் நின்றிருந்தானாம், ஓடி வந்து அதைக் கிளப்பினான். பல்புகள் பளீரென்று எரிந்தன. முழு வோல்டேஜ். டெக்கில் இருப்பதோ ஊர் கரண்ட் கேசட். நின்ற இடத்திலிருந்து அது தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது. தும்பா கோழி போலக் கத்தியது. டிரம்ஸ்காரர் குச்சியை மடியில் வைத்துவிட்டு டெக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன்கள் எழுந்து நின்று ஆடினார்கள். அன்றைக்கு மொத்தக் கச்சேரியிலும் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

நான் போசியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். பக்கத்துப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

“நீங்கதான அடிச்சீங்க?”

“ஆமாங்க.”

“அந்த மிஷின விட நீங்க அடிச்சதுதாங்க நல்லா இருந்துச்சு.”

அதுவும் நான்தான் என்று எப்படிச் சொல்வது? எங்கிருந்து ஆரம்பிப்பது? சிரித்தேன்.

“உங்க பேரு என்னாங்க?” என்றாள்.

சொன்னேன். அந்தச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. காதருகே குனிந்து மறுபடி சொன்னேன். அவள் அந்தப் பக்கம் இருந்த தன் நாத்தனாரின் தோளைத் தட்டி, என் பெயரை உரக்கச் சொல்லி, “இந்தக்காதான் இருட்டுல டிரம்ஸுக்குக் கூட அடிச்சாங்க” என்றாள். நாத்தனார் எட்டி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் வீட்டில் இவர் என் பக்கம் வராமல் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு வாசற்படியில் நின்று சொன்னார்.

“அறிவிப்பாளர்ட்ட நான் சொன்னன்ம்மா. அவன் மறந்துட்டான்.”

சொன்னாரா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

“பரவால்லீங்க. எம் பேர ஒருத்தங்க சொன்னாங்க.”

“யாரு?”

“தெரியாதுங்க. மடியில ஒரு கொழந்த தூங்கிட்டு இருந்துச்சு.”